தக்காண பசால்ட்டில் தொல்காந்த அளவீடு: அட்சரேகை 54 டிகிரி வடக்கு என்று வருகிறது, எங்கே சிக்கல்?

முதுநிலை_மாணவன்:
எல்லோருக்கும் வணக்கம். புவியியல் முதுநிலை இரண்டாம் ஆண்டு. ஆய்வேட்டுக்காக மகாராஷ்டிரத்தில் மகாபலேஷ்வரிலிருந்து போலாத்பூர் இறங்கும் அம்பேனளி மலைப்பாதையில் பசால்ட் (எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை) கோர்கள், அதாவது துளையிட்டு எடுக்கும் உருளை மாதிரிகள், எடுத்தேன். பாறையில் பதிந்த பழைய புவிக்காந்தத் திசையை அளப்பதுதான் நோக்கம். மேலே பீடபூமி விளிம்பிலும் சில எடுத்தேன்.

பாதையோரக் கோர்களை ஸ்பின்னர் மேக்னட்டோமீட்டரில் (மாதிரியைச் சுழற்றிக் காந்தத்தை அளக்கும் கருவி) வைத்தால், காந்தச் சாய்வு (கிடைமட்டத்திலிருந்து உள்ள கோணம்) கீழ்நோக்கி 60, 70 டிகிரி என்று செங்குத்தாக வருகிறது. விலக்கம் (வடக்கிலிருந்து வலஞ்சுழியாக எண்ணும் கோணம்) வடகிழக்கில் கோருக்கொரு திசை. உதாரணத்துக்கு ஒரு கோர்: விலக்கம் 47, சாய்வு 70. "சாய்வின் டேன் = 2 × அட்சரேகையின் டேன்" என்ற சூத்திரத்தில் போட்டால் 54 டிகிரி வடக்கு கிடைக்கிறது. இந்தப் பாறைகள் உருவான காலத்தில், 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியா நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருந்தது என்றுதானே படித்திருக்கிறோம்?

அதே கோரை 5 மில்லி டெஸ்லா மாறுபுலத்தில் ஒரு தடவை டிமேக்னடைஸ் செய்தேன் (பிடிமானம் குறைந்த காந்தத்தை அழிப்பது). சாய்வு அசையவில்லை, விலக்கம் மட்டும் 117க்குத் தாவியது. பீடபூமிக் கோர்கள் வேறு கதை. காந்தச்செறிவு மற்றவற்றைப் போல் பல மடங்கு, திசையில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. கருவி கெட்டுவிட்டதா?

கருங்கல்:
தம்பி, நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் கருவி மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. நீங்கள் அளந்தது இயற்கை எச்சக் காந்தம் (பாறையில் இயல்பாகத் தங்கியிருக்கும் காந்தம்) முழுவதையும் சேர்த்து. அதற்குள் குறைந்தது இரண்டு காலத்துக் காந்தம் இருக்கும்.

எரிமலைக் குழம்பு ஆறி, அதிலுள்ள மேக்னடைட் என்ற இரும்புத்தாது கியூரி வெப்பநிலைக்குக் கீழே (இதற்கு மேல் காந்தம் நிற்காது; தூய மேக்னடைட்டுக்கு 580 டிகிரி செல்சியஸ், டைட்டானியம் கலந்திருந்தால் இன்னும் குறைவு) இறங்கும்போது, அன்றைய புவிக்காந்தப் புலத்தின் திசை பாறையில் பதிகிறது. உங்களுக்கு வேண்டியது அதுதான். ஆனால் பாறையில் பிடிமானம் குறைந்த துகள்களும் உண்டு. அவை பிற்காலப் புலத்தின் பக்கம் மெல்லத் திரும்பிக்கொண்டே இருக்கும். புவிப்புலம் கடைசியாகத் தலைகீழானது, அதாவது வடக்கும் தெற்கும் இடம் மாறியது, சுமார் 7.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன். அன்றிலிருந்து வடக்கு வடக்காகவே இருப்பதால் அந்தத் துகள்களுக்கு நிறைய அவகாசம் கிடைத்திருக்கிறது. இன்று அந்தப் பகுதியில் புலம் கிட்டத்தட்ட நேர் வடக்கு, கீழ்நோக்கி 25 டிகிரியை ஒட்டி. பழைய திசையோடு இது கூடும்போது இரண்டும் இல்லாத மூன்றாவது திசை ஒன்று கருவியில் தெரியும். உங்கள் 70 டிகிரி எந்தக் காலத்திலும் இருந்த புலம் அல்ல, வெறும் கூட்டுத்தொகை. 5 மில்லி டெஸ்லாவிலேயே விலக்கம் ஓடியது நல்ல அறிகுறி, பிற்காலக் காந்தம் என்ற மேல்பூச்சு கழன்றுகொண்டிருக்கிறது. 5 விட்டு 5 ஆக 40 வரை போங்கள். ஒவ்வொரு படியிலும் அளந்து சைடர்வெல்ட் வரைபடம் (படிப்படியாகக் காந்தத்தின் திசையும் செறிவும் மாறுவதைக் காட்டுவது) போடுங்கள். புள்ளிகள் நேர்கோட்டில் மையத்தை நோக்கி வரும் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மலைக்காற்று:
பீடபூமிக் கோர்களுக்குக் காரணம் பெரும்பாலும் மின்னல். உயரமான திறந்த பாறையில் மின்னல் இறங்கும்போது அந்த மின்னோட்டத்தைச் சுற்றி எழும் வலுவான புலம் பாறையைப் புதிதாகக் காந்தமாக்கிவிடும். செறிவு எகிறும், நாலடி தள்ளினால் திசை மாறும். களத்திலேயே கண்டுபிடிக்கலாம்: காம்பஸைப் பாறைமுகத்தை ஒட்டி மெதுவாக நகர்த்துங்கள், ஊசி ஆட்டம் போட்டால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். மகாபலேஷ்வர் உச்சியில் லேட்டரைட் (பாறை சிதைந்து உருவான செம்பாறை) மூடியிருக்கும், அதன் பக்கமே போகாதீர்கள். மழையில் ஊறிச் சிதைந்து உருவான இரும்பு ஆக்சைடுகள் தங்களுக்கென்று பிற்காலக் காந்தத்தை வைத்திருக்கும்.

இன்னொரு விஷயம், கோர்களைத் திசையமைத்தது வெறும் காந்தக் காம்பஸாலா? பசால்ட்டே ஊசியை இழுக்கும். சூரியக் காம்பஸ் (சூரிய நிழலை வைத்துத் திசை காண்பது) வையுங்கள். நேரத்தைத் துல்லியமாகக் குறித்தால் மீதி கணக்குதான்.

முதுநிலை_மாணவன்:
சூரியக் காம்பஸும் வைத்திருந்தேன் அண்ணா, அந்தத் திசைகளைத்தான் பயன்படுத்தினேன். அதே கோரின் முடிவு இதோ:

தொடக்கம்: விலக்கம் 47, சாய்வு +70
5 மில்லி டெஸ்லா: 117, +70
10: 144, +57
15: 153, +47
20 முதல் 40 வரை: திசை அசையவில்லை, செறிவு மட்டும் குறைகிறது

வரைபடத்தில் 15க்கு மேல் கோடு மையத்துக்கே போகிறது. ஆனால் குழப்பம் தீரவில்லை. தென்கோளத்தில் புலம் மேல்நோக்கி, அதாவது மைனஸாக இருக்க வேண்டாமா? எனக்கு ப்ளஸ் 47 வருகிறதே?

கருங்கல்:
அருமையான தரவு தம்பி! இதைப் பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. நீங்கள் பிடித்திருப்பது தலைகீழ்ப் புலம். அந்தப் பாதையின் அம்பேனளி அடுக்குகள் 29ஆர் என்ற தலைகீழ்க் காலத்தில் வழிந்தவை, டைனோசர்கள் அழிந்த எல்லையும் அதே காலத்துக்குள் வருகிறது. திசையை அப்படியே எதிர்ப்பக்கம் திருப்புங்கள்: விலக்கம் 333, சாய்வு மைனஸ் 47. சூத்திரத்தில் போட்டால் சுமார் 28 டிகிரி தெற்கு. விலக்கம் வடக்கிலிருந்து 27 டிகிரி மேற்கே விலகியிருப்பது, நிலப்பரப்பு அதற்குப் பின் இடஞ்சுழியாகத் திரும்பியிருப்பதைக் காட்டுகிறது.

திருப்பாமலே எடுத்துக்கொண்டால் என்ன என்று தேர்வாளர் கேட்பார். அப்போது இந்தியா 28 டிகிரி வடக்கில், கிட்டத்தட்டத் தலைகீழாகத் திரும்பிக் கிடந்தது என்றாகிவிடும். அது சரியல்ல என்பதற்குச் சான்று அதே மலையில் இருக்கிறது. மேலே, மகாபலேஷ்வர் அடுக்குத் தொகுதிக்குள்ளேயே புலம் தலைகீழ் நிலையிலிருந்து இன்றுபோல் நேராகிறது. அங்கே மின்னல் படாத பாறையில் எடுத்தால் வடமேற்கு, மேல்நோக்கி என்று நேரடியாகவே வரும்.

இன்று அந்த இடம் 18 டிகிரி வடக்கு. ஆக 46 டிகிரி நகர்வு, ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஆண்டுச் சராசரி 8 சென்டிமீட்டரை ஒட்டி வருகிறது. 1950களில் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் தக்காணப் பாறைகளை அளந்து பார்த்தபோதும் இந்தியா தெற்கிலிருந்து வந்தது என்றே காட்டியது. கண்டப் பெயர்ச்சியைப் பலரும் ஏற்காத காலம் அது.

முதுநிலை_மாணவன்:
ரொம்ப நன்றி அண்ணா. அதே பாறை அடுக்கில் இன்னும் பத்துப் பதினைந்து கோர் எடுத்தால் ஆய்வேட்டுக்குப் போதுமா?

மலைக்காற்று:
போதாது. ஒரு அடுக்கு சீக்கிரம் ஆறிவிடும், அதனால் அது ஒரு கணத்துப் புலத்தைத்தான் காட்டும். புலமோ நூற்றாண்டுக்கு நூற்றாண்டு அலைந்துகொண்டே இருப்பது. ஒரே அடுக்கில் கோர்களைக் கூட்டினால் அந்த அடுக்கின் துல்லியம் கூடுமே தவிர, கண்டத்தின் இடம் துல்லியமாகாது. அடுக்குக்கு ஆறேழு கோர் போதும், அடுக்குகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். பிறகு ஃபிஷர் புள்ளியியலில் (திசைகளுக்கான புள்ளியியல் முறை) சராசரி எடுங்கள்.

அடுக்குகளுக்கு நடுவே சிவந்த களிமண் படலம் தெரிந்தால் விடாதீர்கள். இரண்டு வழிவுகளுக்கு இடையே காலம் கடந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம், அதன் மேலும் கீழும் மாதிரி எடுங்கள். மேல் குழம்பின் சூட்டில் வெந்த களிமண்ணிலும் ஒரு துண்டு எடுங்கள். 1906இல் பிரான்சில் புருன்ஹெஸ் தலைகீழ்க் காந்தத்தைக் கண்டறிந்தது எரிமலைக் குழம்பும் அதனடியில் வெந்த களிமண்ணும் ஒரே திசை காட்டியதை வைத்துத்தான். உங்கள் களிமண்ணும் மேல் பசால்ட்டும் ஒத்துப்போனால், தலைகீழ்த் திசை பாறையின் ஏதோ கோளாறு என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது. களிமண் ஈரத்தில் உதிரும், மழைக்காலம் முடிந்து போங்கள். வெட்டும் முன் சோடியம் சிலிக்கேட் கரைசல் பூசிக் காயவிடுங்கள்.