பாயிண்ட் 22 ரைஃபிள்: தடித்த பேரலா, மெலிந்த பேரலா?

வணக்கம். காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். என் மகள் மூன்று வருடமாக 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுகிறாள். இப்போது 50 மீட்டர் பாயிண்ட் 22 ரைஃபிளுக்கு (0.22 அங்குலக் குண்டு சுடுவது) மாறுகிறாள். பயிற்சிக்கு மதுரை போய் வருகிறோம். அங்கே அவள் சுட்டுப் பார்த்தவை இரண்டு ரைஃபிள்கள். ஒன்றின் பேரல், அதாவது குண்டு வெளியேறும் குழல், முனைவரை ஒரே தடிமன். மற்றொன்று முனையை நோக்கி மெலிந்துகொண்டே போகிறது.

படித்ததில் எனக்குப் புரிந்தது இது. சுடும்போது பேரல் அதிர்கிறது. குண்டு வெளியேறும் கணத்தில் முனை எங்கே நிற்கிறதோ, அங்கேதான் அடி விழும். தொரட்டிக் கம்பு ஆடுகிற மாதிரி உலக்கை ஆடாது இல்லையா? பேரலின் வெளிவிட்டம் 20 மி.மீ.யிலிருந்து 25 ஆனால் எடை ஒன்றரை மடங்குதான், விறைப்போ ஏறக்குறைய இரண்டரை மடங்கு. 50 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டமே 10.4 மி.மீ., அதனால் இது சின்ன விஷயமில்லை. பேரல் சூடாவதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. வேட்டை ரைஃபிள் அளவுக்கு இதில் வெடிமருந்து கிடையாது.

கவலை எடைதான். படுத்துச் சுடும்போது தடித்த பேரல் அருமையாக நிற்கிறது. நின்று சுடும்போது முன்பாரம் இழுத்து, இருபது குண்டுக்குள் இடது தோள் இறங்கிவிடுகிறது. பிள்ளை வாய் திறந்து சொல்ல மாட்டாள், முகத்தில் தெரிகிறது.

தடித்த பேரலையே குட்டையாக எடுத்து, முனையில் இலேசான நீட்டிப்புக் குழாய் போட்டு முன் சைட்டை (குறிபார்க்கும் உறுப்பு) வைத்தால் சரிவருமா? மண்டியிட்டு, படுத்து, நின்று என மூன்று நிலையிலும் சுடுகிற அண்ணன்மார், அக்காமார் யாராவது அப்படி மாற்றியிருந்தால், நின்று சுடுவதில் என்ன வித்தியாசம் தெரிந்தது என்று சொல்லுங்கள். அடுத்த மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும்.