மணிமேகலையில் பசிக்குத் தீர்வு பிச்சைதானா? செமினாருக்கு உதவி வேண்டும்

கடலூர் மாணவி எழுதியது:

வணக்கம். பி.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த மாதம் செமினாரில் 'மணிமேகலையில் சமூகச் சிக்கல்கள்' என்ற தலைப்பில் பேச வேண்டும். நோட்ஸில் உள்ளபடி கள், பரத்தமை, சிறை, சாதி, பசி என்று ஐந்து தலைப்பு போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். பசிக்கு எழுதிய பக்கத்தின் ஓரத்தில் மேடம் பென்சிலால் எழுதித் திருப்பித் தந்துவிட்டார்: "பசிக்குத் தீர்வு பிச்சையா? ஒரு மாயப் பாத்திரமா? யோசித்துக்கொண்டு வா."

மூன்று நாளாக யோசிக்கிறேன், ஒன்றும் பிடிபடவில்லை. வகுப்பில் ஒருவர், "சும்மா சோறு போட்டால் மனிதன் உழைக்கமாட்டான், காப்பியம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் பத்தாவது வரை பள்ளியில் சத்துணவு சாப்பிட்டுப் படித்தவள். அதை அங்கே சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான், ஏன் சொல்லவில்லை என்று வருத்தமாக இருந்தது.

எடுக்க எடுக்கச் சோறு குறையாத மணிமேகலையின் பாத்திரமான அமுதசுரபியை வெறும் அற்புதக் கதையாக விடாமல் எப்படிப் படிப்பது? யாராவது வழிகாட்டுங்கள்.

முதுகலைத் தமிழ், புதுச்சேரி:

காப்பியத்தின் முப்பது காதையையும் (காதை என்றால் ஒரு பகுதி) இப்போது புரட்ட வேண்டாம். 11-ஆவது பாத்திரம் பெற்ற காதை, 13, 14 இரண்டிலும் ஆபுத்திரன் கதை, 16 ஆதிரை பிச்சையிட்ட காதை, 19 சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை, 28 கச்சிமாநகர் புக்க காதை. இந்த ஆறும் போதும். உ.வே.சா. 1898-இல் பதிப்பித்தது முதல் நல்ல உரைகள் பல வந்திருக்கின்றன, நூலகத்தில் கிடைக்கும். ஐந்து தலைப்பையும் விட்டுவிட்டுப் பசியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற நான்கும் தானாக உள்ளே வந்துவிடும்.

சத்துணவு அமைப்பாளர் (ஓய்வு), குறிஞ்சிப்பாடி பக்கம்:

பாப்பா, நான் பேராசிரியர் இல்லை. பத்தாவது படித்துவிட்டு 1989-இல் சத்துணவில் அமைப்பாளராகச் சேர்ந்தேன். முப்பது வருடம் பார்த்தேன். எங்கள் பள்ளித் தமிழய்யா மதியம் சாப்பிட்டதும் சமையல் கூடத்து வாசலில் உட்கார்ந்து மணிமேகலை வாசிப்பார். சாமான் கழுவிக்கொண்டே கேட்போம். ஓய்வு பெற்ற பிறகு உரை வாங்கி முழுதாகப் படித்தேன். அந்த தைரியத்தில் எழுதுகிறேன்.

முதலில் பாத்திரம் பெற்ற காதையில், மணிபல்லவத் தீவைக் காக்கும் தீவதிலகை மணிமேகலைக்குச் சொல்லும் வரிகளைப் பார்.

"குடிப்பிறப்பு அழிக்கும் விழுப்பம் கொல்லும்
பிடித்த கல்விப் பெரும்புணை விடூஉம்
நாண்அணி களையும் மாண்எழில் சிதைக்கும்
பூண்முலை மாதரொடு புறங்கடை நிறுத்தும்
பசிப்பிணி என்னும் பாவி"

பசி வந்தால் வயிறு வலிக்கும் என்று இதில் எங்காவது இருக்கிறதா? குடும்பத்தின் பெயர் போகும், படிப்பு என்ற தெப்பம் கைநழுவும், வெட்கம் கழன்று விழும், கட்டியவளோடு அடுத்தவன் வாசலில் நிற்க வைக்கும் என்கிறார். ஒரு மனிதன் ஊருக்குள் என்னவாக இருந்தானோ அதையெல்லாம் பசி பிடுங்கிக்கொள்கிறது. இதைவிடப் பெரிய சமூகச் சிக்கல் என்ன இருக்கிறது?

இதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது 2004 டிசம்பரில். 26-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் வந்தது. தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பு என்று கடலூர்க் கரையே கலைந்துபோயிற்று. அரையாண்டு லீவு நேரம். சமைக்கத் தெரிந்தவர்கள் வேண்டும் என்றதும் நாங்கள் நாலு பேர் கிளம்பிப் போனோம். ஒரு கல்யாண மண்டபத்தில் அண்டாவை ஏற்றினோம். வரிசையில் நின்று தட்டில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு.

இரண்டாம் நாள் வரிசையில் ஒருவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். பின்னால் அவர் மனைவி, கையில் இரண்டு தட்டு. எனக்கு அவரைத் தெரியும். சொந்தப் படகு வைத்திருந்தவர். அவர் வீட்டு அம்மாவிடம் நான் மீன் வாங்குவேன். காசு குறைந்தால் "இருக்கட்டும் அக்கா, அப்புறம் தாங்க" என்று கூடையில் போட்டு அனுப்புகிற கை அது. என்னைப் பார்த்ததும் அவர் வரிசையை விட்டு விலகி வெளியே போய்விட்டார். அந்த அம்மா மட்டும் நின்றார், என் முகத்தைப் பார்க்கவில்லை. 'பூண்முலை மாதரொடு புறங்கடை நிறுத்தும்' என்ற வரி அகப்பை பிடித்திருந்த என் கைக்குள் வந்து நின்றது.

அன்று ராத்திரியே பேசி முடிவு செய்தோம். மறுநாளிலிருந்து வரிசை கிடையாது. பாய் விரித்து, எல்லோரையும் உட்கார வைத்து, இலை போட்டு, கல்யாணத்தில் பரிமாறுவதுபோல நாங்கள் சுற்றி வந்து பரிமாறினோம். அதே சோறு, அதே சாம்பார்தான். அந்த மனிதர் மூன்றாம் நாள் வந்து உட்கார்ந்து சாப்பிட்டார். துண்டு தோளில் கிடந்தது.

உங்கள் மேடம் 'பிச்சையா?' என்று கேட்டது நல்ல கேள்வி. மணிமேகலைக்கும் அது தெரிந்திருக்கிறது. அமுதசுரபியைக் கையில் வாங்கியதும் அவள் போய்ச் சோறு போட ஆரம்பிக்கவில்லை. முதலில் தானே பிச்சைக்குப் போகிறாள். கற்புக்குப் பெயர் பெற்ற ஆதிரை என்ற பெண்ணின் வீட்டுக்குள் போய் 'புனையா ஓவியம் போல' நிற்கிறாள். இன்னும் வண்ணம் தீட்டாத சித்திரம்போல, ஒன்றும் பேசாமல். கேட்டு நிற்பது எப்படி இருக்கும் என்று தன் உடம்பில் தெரிந்துகொண்ட பிறகுதான் கொடுக்கப் போகிறாள். ஆதிரையும் "இந்தா" என்று போட்டுவிட்டு உள்ளே போகவில்லை. 'பாரகம் அடங்கலும் பசிப்பிணி அறுகென' வாழ்த்தி இடுகிறாள்.

அடுத்தது, சோறு போட்டால் உழைக்கமாட்டான் என்று சொன்ன பிள்ளைக்கு. தீவதிலகை அதே காதையில் சொல்கிறாள்: 'ஆற்றுநர்க்கு அளிப்போர் அறவிலை பகர்வோர்.' திருப்பிச் செய்ய முடிந்தவனுக்குக் கொடுப்பவன் அறத்தை விலைக்கு விற்கிறான். 'ஆற்றா மாக்கள் அரும்பசி களைவோர்' பக்கம்தான் உலகத்தின் மெய்யான வாழ்க்கை இருக்கிறது. சத்துணவுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ஆறு வயதும் பத்து வயதும் ஆன குழந்தைகள். அவர்களை என்ன உழைக்கச் சொல்வது?

ரிஜிஸ்டரில் ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, ஆறிலிருந்து 150 கிராம் என்று இருக்கும். செவ்வாய், புதன் எல்லாம் அந்தக் கணக்கு சரியாக வரும். திங்கட்கிழமை வராது. சனி, ஞாயிறு வீட்டில் சரியாகச் சாப்பிடாத பிள்ளைகள் திங்கட்கிழமை பதினோரு மணிக்கே சமையல் கூடத்துப் பக்கம் எட்டிப் பார்ப்பார்கள். இரண்டாவது தடவை கேட்கமாட்டார்கள். தட்டை வழித்துவிட்டு, கையை நக்கிக்கொண்டு, அண்டாவைப் பார்ப்பார்கள். நீயாகப் பார்த்துத்தான் போட வேண்டும். மணிமேகலை பாத்திரத்தைப் பற்றிச் சொல்வது இதுதான். பெற்ற குழந்தையின் முகம் கண்டு பால் சுரக்கும் தாயைப்போல, பசித்தவர் 'முகங்கண்டு சுரத்தல் காண்டல் வேட்கையேன்' என்கிறாள். மாயப் பாத்திரம் என்று எழுதும்போது இந்த 'முகங்கண்டு' என்ற சொல்லை விட்டுவிடாதே.

நம் மாவட்டத்துக்காரியாக இருந்துகொண்டு வடலூரை விட்டுவிடலாமா? வள்ளலாரின் 'வாடிய பயிரைக் கண்டபோதெல்லாம் வாடினேன்' எல்லோருக்கும் மனப்பாடம். அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் பாட்டின் நாலாவது அடி 'ஈடில் மானிகளாய் ஏழைகளாய் நெஞ்சு இளைத்தவர் தமைக் கண்டே இளைத்தேன்.' மானம் உள்ள ஏழை. கேட்கத் தெரியாமல் உள்ளுக்குள் இளைத்துப்போகிறவன். அவனைக் கண்டு இளைத்த மனிதர்தான் 1867 மே 23-இல் வடலூரில் பசித்தவர்க்குச் சோறு போடும் தருமசாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. யார், எந்த ஊர், என்ன சாதி என்று அங்கே கேட்கமாட்டார்கள். கடலூரிலிருந்து பஸ் இருக்கிறது. ஒருநாள் போய்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்து கட்டுரையை எழுது. வேடிக்கை பார்த்துவிட்டு மட்டும் வந்துவிடாதே.

பாண்டி வாசகர்:

அம்மா எழுதியதைப் படித்துக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் பேராசிரியர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பெண்ணும் ஒரு பாத்திரமும் எத்தனை நாள் ஊருக்குச் சோறு போட முடியும்? இந்தக் கேள்வியைக் காப்பியமே கேட்டிருக்கிறது என்பது என் எண்ணம்.

மணிமேகலைக்கு முன்பே அமுதசுரபியை வைத்திருந்த ஆபுத்திரனைப் பாருங்கள். வேள்விக்குக் கட்டியிருந்த பசுவை அவிழ்த்துக்கொண்டு போனதற்காக அடிபட்டு, பிறப்பைச் சொல்லி இழிவுபடுத்தப்பட்டு, ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவன். மதுரைக்கு வந்து ஓடு ஏந்தி, 'காணார் கேளார் கால்முடப் பட்டோர் பேணுநர் இல்லோர் பிணிநடுக் குற்றோர்' எல்லோரையும் கூப்பிட்டு ஊட்டி, மிஞ்சியதைத் தான் உண்டு, அந்த ஓட்டையே தலைக்கு வைத்துத் தூங்குகிறான். காப்பியத்தை எழுதிய சாத்தனார் அவனைக் 'காவலன்' என்கிறார். சாதி கெட்டவன் என்று ஊர் விரட்டிய பிச்சைக்காரனுக்கு அரசனுக்குரிய சொல்! மாணவி போட்ட சாதித் தலைப்பை இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

பிறகு அவனுக்கு அமுதசுரபி கிடைக்கிறது. இந்திரன் பாண்டிய நாட்டில் மழையைப் பெய்விக்கிறான். வயல் விளைகிறது, வாங்கிச் சாப்பிட ஆள் இல்லை. அமுதசுரபி கையில் இருந்தும் ஆபுத்திரனுக்கு வேலை இல்லை. அப்படியென்றால் பசிக்கு உண்மையான மருந்து மழையும் விளைச்சலும் என்று காப்பியத்துக்குத் தெரிந்திருக்கிறது. அது இல்லாத இடத்துக்குத்தான் பாத்திரம்.

மணிமேகலையும் தனியாளாகக் கொடுப்பதோடு நிற்கவில்லை. சிறைக்குள் போய்ச் சோறு போடுகிறாள். செய்தி சோழ அரசன் மாவண்கிள்ளிக்குப் போகிறது. என்ன வேண்டும் என்று அரசன் கேட்கும்போது, சிறையை எடுத்துவிட்டு அறவோர்க்கு ஆக்கு என்கிறாள். தனிமனிதர் ஈகை அரசின் கடமையாக மாறுகிற இடம் இது. 1920-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தியாகராயர் காலத்தில் தொடங்கிய மதிய உணவு, காமராசர் காலத்தில் மாநிலம் முழுக்கப் போனது, 1982-இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவு, 2022-இல் வந்த காலை உணவு எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். அரசு போடும் சோற்றைப் பிச்சை என்று சொல்லக்கூடாது. அது உரிமை. கட்டுரையில் இந்தச் சொல் வரவேண்டும்.

சத்துணவு அமைப்பாளர் (ஓய்வு):

ஐயா சொல்வது சரி. உரிமைதான். எனக்குச் சம்பளம் கொடுத்ததும் அரசுதான். ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். உரிமை என்று காகிதத்தில் எழுதினாலும், போடுகிற கை அதை மறுபடி பிச்சை ஆக்கிவிட முடியும். ஒரு பள்ளியில் சாப்பிடாத பிள்ளைகள் வகுப்புக்குள்ளும் சத்துணவுப் பிள்ளைகள் வெயிலில் திண்ணையிலும் உட்கார்ந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அரிசியில் ஒரு கிராம் குறைவில்லை. ஆனாலும் ஏழாவது, எட்டாவது போனதும் பெண் பிள்ளைகள் "பசிக்கல டீச்சர்" என்று நின்றுவிடுவார்கள். அவர்களுக்குப் பசித்தது என்று எனக்குத் தெரியும். நாண் போகாமல் இருக்க வயிற்றைக் காயப்போட்டார்கள்.

கடலூர் மாணவி:

அம்மா, எட்டாவதில் நானும் மூன்று மாதம் "பசிக்கல" என்று சொன்னேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நேற்று வடலூர் போய் வந்தேன். பந்தியில் எனக்கு இந்தப் பக்கம் ஒரு தாத்தா, அந்தப் பக்கம் கைக்குழந்தையோடு ஒரு அக்கா. ரசம் ஊற்றியவர் குழந்தையைப் பார்த்துவிட்டு, கேட்காமலே கொஞ்சம் சாதம் குழைவாகக் கொண்டுவந்து இலை ஓரத்தில் வைத்தார். 'முகங்கண்டு' என்று பஸ்ஸிலேயே நோட்டில் எழுதிக்கொண்டேன்.

ஐந்து தலைப்பையும் எடுத்துவிட்டேன். 'நாண்அணி களையும்: மணிமேகலையில் பசியும் மானமும்' என்று வைத்திருக்கிறேன். ஆபுத்திரன், சிறைக்கோட்டம் இரண்டும் ஐயா சொன்னபடி இரண்டாம் பகுதியில் வருகின்றன. நீங்கள் சொன்ன திங்கட்கிழமையையும் கல்யாண மண்டபத்தையும் எழுதலாமா அம்மா? யார் சொன்னது என்று போடட்டும்?

சத்துணவு அமைப்பாளர் (ஓய்வு):

தாராளமாக எழுது. என் பெயர் வேண்டாம், 'ஓய்வு பெற்ற அமைப்பாளர் ஒருவர்' என்றால் போதும். மண்டபம் எது, அந்த அண்ணன் எந்தக் குப்பம் என்பது வராமல் பார்த்துக்கொள். அவர் பேரப்பிள்ளைகள் இப்போது கல்லூரியில் படிக்கிறார்கள், உன் செமினாரிலேயே உட்கார்ந்திருக்கலாம்.