கண்ணாடிப் பாலத்தால் குமரி வள்ளுவருக்குப் பெருமையா, குறையா?

நாஞ்சில்வாசி:
விவேகானந்தர் மண்டபத்தையும் திருவள்ளுவர் சிலையையும் இணைத்து, 37 கோடி ரூபாய் செலவில் கட்டப்பட்டு 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கண்ணாடிப் பாலம் தேவையற்றது என்றே கருதுகிறேன். படகு நெருங்க நெருங்க, 38 அடிப் பீடமும் அதன்மேல் 95 அடி உருவமுமாக வள்ளுவர் கடலிலிருந்து எழுந்து வருவார். இடுப்பின் மெல்லிய வளைவு அந்தத் தொலைவில்தான் பிடிபடும். பாலத்தில் நடப்பவர்களுக்கோ, காலடியில் தெரியும் அலையைப் பார்க்கவே நேரம் சரியாக இருக்கிறது.

குமரிக்கரை:
ஐயா, அந்தக் காட்சி எத்தனை பேருக்கு வாய்த்தது? கடல் நீர்மட்டம் தாழ்ந்தாலே சிலைக்குப் படகு இல்லை என்று அறிவித்துவிடுவார்கள். வெகுதொலைவிலிருந்து வந்த முதியவர்கள்கூட மண்டபத்தை மட்டும் சுற்றிவிட்டு, எதிரே நிற்கும் வள்ளுவரைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு திரும்பினார்கள். இப்போது 77 மீட்டர் நடந்தால் போதும்.

நாஞ்சில்வாசி:
கரையிலிருந்து மண்டபத்துக்கு இன்றும் படகுதானே? கடல் கொந்தளித்தால் பாலம் இருந்தும் பயனில்லை. மேலும், 1892-இல் விவேகானந்தர் தவமிருந்த பாறை அது. தியான மண்டபத்தின் அரையிருளில், ஓம் என்னும் எழுத்தை நோக்கி அமர்ந்திருக்க வேண்டியவர்கள், பாலத்தில் கூட்டம் சேருமுன் போய்விட வேண்டுமென்று பாதியிலேயே எழுந்துவிடுகிறார்கள். 1970 முதல் காத்துவந்த அமைதியைப் பாலத்தின் நுழைவாயிலாக்கிவிட்டோம்.

கல்லெழுத்து:
அவசரக்காரர்கள் பாலத்துக்கு முன்பும் இருந்தார்கள்; படகைத் தவறவிடக் கூடாதென்று ஓடினார்கள், அவ்வளவுதான். பீடத்துக்குள் அதிகாரத்துக்கு ஒன்றாக 133 குறள்கள் பொறிக்கப்பட்டிருப்பதை நின்று படித்தவர்கள் அன்று எத்தனை பேர்? அறத்துப்பாலின் 38 அதிகாரங்களே பீடம், பொருளும் இன்பமும் சேர்ந்த 95 அதிகாரங்களே உருவம் என்று கணக்கிட்டுக் கணபதி ஸ்தபதி வடித்த சிலையைத் தொலைவிலிருந்து ரசிப்பதோடு நிறுத்திக்கொள்வது, என்னைக் கேட்டால், அட்டையைப் பார்த்துவிட்டு நூலை மூடுவதுதான்.

குமரிக்கரை:
நானும் அதையே சொல்கிறேன். உள்ளே போக வழி இருந்தால்தானே படிக்க முடியும்?

நாஞ்சில்வாசி:
படிக்க வருபவர்களை நான் தடுக்கவில்லை. பாலம் வந்துவிட்டது என்பதைக் காரணம் காட்டி, நீர்மட்டம் இடம்கொடுக்கும் நாட்களில் சிலைக்கு நேரடிப் படகு விடுவதை மட்டும் கைவிடக் கூடாது என்கிறேன்.