பிரெஞ்சுக் கிராமச் சாலைகளில் சைக்கிள் பயணம்: வழியில் சந்தித்த மனிதர்கள்

காரைக்கால்காரன் (லியோன்):

பர்கண்டியின் தென்பகுதியில், ஸோன் ஆற்றங்கரையிலுள்ள தூர்னுவிலிருந்து குளூனி வரை செல்லும் சாலையில் ஐந்து முறை சைக்கிளில் போயிருக்கிறேன். ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான். காலையில் லியோனிலிருந்து வட்டார ரயிலில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு தூர்னுவில் இறங்கினால், மாலைக்குள் குளூனியையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம். பலரும் அங்கே பழைய தேவாலயங்களுக்காகப் போகிறார்கள். நானும் முதன்முதலில் அதற்காகத்தான் போனேன். ஆனால் அந்தச் சாலையின் பெயரைக் கேட்டதும், ஒரு கல்லறைத் தோட்டத்தின் தண்ணீர்க் குழாயடியில் பூவாளியுடன் நின்றிருந்த மூதாட்டியின் முகம்தான் எனக்கு முந்திக்கொண்டு நினைவுக்கு வருகிறது. அவரைச் சந்தித்த நாளைப் பற்றி எழுதுகிறேன்.

அது 2018 ஜூலையில் ஒரு திங்கட்கிழமை. தூர்னுவை விட்டு வெளியேறியதும் டி 14 என்னும் மாவட்டச் சாலை வயல்களுக்கும் திராட்சைத் தோட்டங்களுக்கும் நடுவே மெதுவாக மேலேறுகிறது. சாலையோரத்தில் மஞ்சள் தலைப்பாகை கட்டினாற்போன்ற வெள்ளை மைல்கற்கள். வீடுகள் வெளிர்மஞ்சள் சுண்ணாம்புக்கல்லால் கட்டப்பட்டவை. மாடிக்கு வெளிப்புறமாகவே படிக்கட்டு ஏறும். படி முடியுமிடத்தில் மரத்தூண்கள் தாங்கிய திண்ணை. வெயிலில் வருகிறவனுக்கு அந்தத் திண்ணை நிழலைப் பார்த்தாலே ஏக்கம் வரும். பிரான்ஸியோன் குன்றுக்கு ஏறும் முன்பே என்னிடமிருந்த இரண்டு பாட்டில் தண்ணீரும் தீர்ந்துவிட்டது. வழியிலுள்ள ஊரில் ரொட்டிக்கடை இருக்கிறது, அங்கே வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். திங்கட்கிழமையில் பல கிராமங்களில் ரொட்டிக்கடை திறப்பதில்லை என்பதும், திறக்கும் நாளிலும் நண்பகல் தாண்டினால் கதவைச் சாத்திவிடுவார்கள் என்பதும் தெரிந்திருந்தும் அன்று கோட்டை விட்டேன். தெருவில் ஆளரவமே இல்லை. எல்லா வீட்டுச் சன்னல்களிலும் மரக்கதவுகள் சாத்தியிருந்தன.

மூத்த சைக்கிள் நண்பர் ஒருவர் முன்பு சொல்லியிருந்த அறிவுரை அப்போதுதான் நினைவுக்கு வந்தது: பிரெஞ்சுக் கிராமத்தில் தண்ணீர் வேண்டுமென்றால் கல்லறைத் தோட்டத்தைத் தேடு, பூக்களுக்கு ஊற்றுவதற்காக அங்கே கட்டாயம் குழாய் இருக்கும். ஊரின் விளிம்பில் கல்மதிலும் இரும்புக் கதவுமாக அது இருந்தது. உள்ளே நுழைந்ததும் இடப்பக்கத்தில் குழாய்; அதன்மேல் கொக்கிகளில் பச்சைப் பூவாளிகள் வரிசையாகத் தொங்கின. எண்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணி தம் பூவாளியை அப்போதுதான் குழாயடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

நான் வணக்கம் சொல்லிவிட்டு, "மதாம், இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா?" என்று கேட்டேன். அவர் என் காலிப் பாட்டில்களைப் பார்த்தார். "குடிக்கலாம். ஆனால் முதலில் வருவது வேண்டாம். குழாய் காலையிலிருந்து வெயிலில் கிடக்கிறது. அது என் பூவாளிக்குப் போகட்டும். தண்ணீர் குளிர்ந்ததும் நீங்கள் பிடியுங்கள்" என்றார். பூவாளி நிரம்பி வழியும்வரை விரலை நீரில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்து, "இப்போது" என்று தலையசைத்தார். நான் ஒரு பாட்டிலை அங்கேயே குடித்து முடித்து மறுபடியும் நிரப்பும்வரை அவர் குழாயை மூடவில்லை.

பிறகு எந்த ஊர் என்று கேட்டார். லியோன் என்றேன். "அதற்கு முன்?" என்றார். இந்தியாவில் காரைக்கால் என்று சொன்னதும் அவர் பூவாளியைக் கீழே வைத்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்று, பள்ளிப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல், "பொண்டிஷேரி, கரிக்கால், யனாவோன், மாஹே, ஷாந்தெர்நகோர்" என்று ஒரே மூச்சில் சொன்னார். பிரெஞ்சிந்தியாவின் ஐந்து ஊர்களையும் அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் பள்ளிகளில் இப்படி வரிசையாக மனப்பாடம் செய்ய வைத்தார்கள். 1954இல் அந்த ஆட்சி முடிந்து இத்தனை ஆண்டுகளான பிறகும் அவருடைய நாக்கில் வரிசை மாறாமல் இருந்தது. "இந்த ஊர்களெல்லாம் மெய்யாகவே இருக்கின்றனவா, எங்கள் ஆசிரியையின் கற்பனையா என்று சிறுவயதில் எனக்குச் சந்தேகம் இருந்தது. கரிக்காலிலிருந்து ஒருவர் வந்து நின்று பார்த்ததே இல்லையே!" என்றார். காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த என் தாத்தாவுக்கு ஒப்பிக்கக் கிடைத்தது இந்த நாட்டின் ஆறுகள். அவர் எங்களுக்குச் சொல்லிக்காட்டும் அதே இராகத்தில் "செய்ன், லுவார், கரோன், ரோன்" என்று நானும் சொன்னேன். மூதாட்டிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

அங்கிருந்து எந்தப் பக்கம் போகிறேன் என்று விசாரித்தவர், கொர்மத்தானில் தொடங்கிப் பழைய இருப்புப் பாதை வழியாகக் குளூனிக்குப் போவேன் என்றதும், "அது என் அம்மா காவல் காத்த பாதை" என்றார். ரயில் ஓடிய காலத்தில் அவருடைய தாய் ஒரு லெவல் கிராசிங்கில் கேட் திறந்து மூடும் வேலையில் இருந்தாராம். தண்டவாளங்களை எடுத்துவிட்டு, கிவ்ரி முதல் குளூனி வரையிலான அந்தப் பாதையை 1997இல் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்குமான பசுமைப் பாதையாக மாற்றினார்கள். பிரான்சில் அவ்வாறு மாற்றப்பட்ட பாதைகளில் அது முன்னோடி. நிலையக் கட்டடங்களும் கேட் காவலரின் சிறு வீடுகளும் இன்றும் பாதையோரத்தில் நிற்கின்றன.

பிரான்ஸியோனில் கோட்டையையும் மரத்தூண்கள் தாங்கும் பழைய சந்தைக் கூடத்தையும் பார்த்தேன். ஷாபேஸில் 11ஆம் நூற்றாண்டுத் தேவாலயத்தின் உயர்ந்த மணிக்கோபுரத்தடியில் சற்று உட்கார்ந்தேன். கொர்மத்தானிலிருந்து குளூனி வரை ஏற்ற இறக்கமே இல்லாத பாதை. அதில் வந்த ஒவ்வொரு கேட் வீட்டின் முன்பும் வேகத்தைக் குறைத்தேன், எது அவருடைய தாயின் வீடு என்று கேட்கத் தவறிவிட்டேனே என்ற வருத்தத்தோடு. குளூனியில் 910இல் நிறுவப்பட்ட மடத்தின் பேராலயம் ஒருகாலத்தில் கிறித்தவ உலகின் மிகப் பெரிய ஆலயமாக இருந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் அதை விற்று, கல் கல்லாகப் பெயர்த்தெடுத்துவிட்டார்கள். பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. மிஞ்சியவற்றுள் ஓங்கி நிற்பது ஒரு கோபுரம். அதற்குப் புனித நீர் மணிக்கோபுரம் என்று பெயர்.

நெடுந்தூரன் (கோவை):

தண்ணீர் பிடித்துக் கொடுத்த அந்த அம்மாவைப் பற்றிப் படித்ததும் நானும் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. 2019இல் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் என்னும் நெடுந்தூர சைக்கிள் பயணத்தில் கலந்துகொண்டேன். 1891இல் பந்தயமாகத் தொடங்கிய அது, இன்று 4 ஆண்டுகளுக்கு ஒருமுறை பொதுமக்களுக்காக நடக்கிறது. 1200 கிலோமீட்டருக்கும் சற்று அதிகமான தூரத்தை நான் சேர்ந்திருந்த பிரிவினர் 90 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அதற்குத் தகுதி பெற 200, 300, 400, 600 கிலோமீட்டர் பயணங்களை இங்கேயே முடித்துவிட்டுத்தான் புறப்படும் இடமான ராம்பூயேவில் போய் நின்றேன். தூரத்துக்குப் பழகியிருந்தேன், ஆகஸ்ட் மாத இரவு அவ்வளவு குளிரும் என்று எதிர்பார்க்கவில்லை.

மூன்றாம் இரவு, மூன்று மணி இருக்கும். பிரான்சின் மேற்கு வட்டாரமான பிரிட்டனியின் ஒரு சிற்றூரில் தானியக் கொட்டகையின் கதவு திறந்திருந்தது. வாசலில் ஒரு மேசை, ஒரு விளக்கு, போர்வை போர்த்திய சிறுமி, அவளுடைய தாத்தா. நடுங்கிக்கொண்டே இறங்கினேன். சிறுமி பெரிய கிண்ணத்தில் காபி ஊற்றி இரண்டு கைகளாலும் ஏந்திக் கொடுத்தாள். பெரியவர் என்னிடம் பேச்சுக் கொடுக்காமல், கழுத்தில் தொங்கிய என் பயண அட்டைக்காகக் கை நீட்டினார். அடுத்த சோதனைச் சாவடி மூடும் நேரத்தை அதில் விரல் வைத்துப் படித்தார். தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மனத்துக்குள் ஏதோ கழித்துப் பார்த்துவிட்டு, வைக்கோல் கட்டுகளைக் காட்டி, இரண்டு கைகளின் பத்து விரல்களையும் இருமுறை விரித்தார். இருபது நிமிடம் தூங்கு என்று பொருள்.

கண்ணை மூடியதுதான் தெரியும். தோளைத் தொட்டு எழுப்பியபோது கடிகாரத்தைப் பார்த்தேன்; சரியாக இருபது நிமிடம். என் முன்விளக்கை ஏற்றி அணைத்துச் சரிபார்த்து, பாட்டிலையும் நிரப்பி வைத்திருந்தார். நான் நீட்டிய நாணயத்தை அவர் தொடவில்லை. சிறுமி மட்டும் ஒரு நோட்டைக் கொண்டுவந்து ஊர்ப்பெயர் எழுதச் சொன்னாள். அதில் எனக்கு முன்னால் வந்தவர்கள் அவரவர் எழுத்தில் எழுதியிருந்தார்கள். நான் "கோயம்புத்தூர்" என்று தமிழில் எழுதினேன். அவள் அந்த எழுத்துகளை விளக்கொளியில் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். சோதனைச் சாவடியை அடைந்தபோது மூடுவதற்கு ஒன்பது நிமிடங்கள் மீதி இருந்தன.

மேட்டுச்சாலை (துளூஸ்):

இருவருடைய பதிவுகளையும் என் மகளுக்குப் படித்துக் காட்டினேன். கல்லறைத் தோட்டக் குழாயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: "ஓ நோன் பொத்தாப்ல்" என்று பலகை இருந்தால் அது குடிப்பதற்கான நீர் அல்ல. தாகம் எவ்வளவு இருந்தாலும் குடிக்காதீர்கள்.

நாங்கள் இருவரும் ஒரு நவம்பர் இறுதியில் குளூனியிலிருந்து தெற்கே மாக்கோன் நோக்கிப் புறப்பட்டோம். பசுமைப் பாதை அங்கே 1.6 கிலோமீட்டர் நீளமுள்ள பழைய ரயில் சுரங்கத்துக்குள் செல்கிறது. குளிர்காலத்தில் வௌவால்கள் அதற்குள் உறங்குவதால் அதை மூடிவிடுவார்கள். எங்களுக்கு அது தெரியாது. ஆகவே குன்றின்மேல் ஏறிப் போக வேண்டியதாயிற்று. சுரங்கத்தை மூடியதில் மகளுக்கு நல்ல கோபம். உச்சிக்குச் சற்று முன்பாக வெள்ளை ஷரோலே மாடுகள் சாலையை அடைத்துக்கொண்டு வந்தன. குளிர்காலத்துக்காக அவற்றை மேய்ச்சல் நிலத்திலிருந்து தொழுவத்துக்கு ஓட்டிவந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வந்த விவசாயி எங்களை மதிலோரமாக ஒதுங்கி நிற்கச் சொன்னார். தம் தடியை என் மகளிடம் கொடுத்து, பக்கவாட்டில் ஒரு வீட்டுப் பாதை திறந்திருந்த இடத்தைக் காட்டி, "அங்கே குறுக்கே நீட்டிப் பிடி, ஒன்றும் நுழையாமல் பார்த்துக்கொள்" என்றார். பதினோரு வயதுப் பிள்ளை முப்பதுக்கும் மேற்பட்ட மாடுகள் கடந்து போகும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு தடியை நீட்டிப் பிடித்திருந்தாள். கடைசி மாட்டின் பின்னால் வந்தவர் அவளிடம் கைகுலுக்கி, தடியை வாங்கிக்கொண்டு நடந்தார்.