ப்ரூஃப் என்று சொல்லி வந்த காசுகள்: உங்கள் அனுபவம் என்ன?

மதுரைக்காரன்:

சமீபத்தில் ஒரு நாணயக் கண்காட்சியில் விக்டோரியா ராணி 1862 ஒரு ரூபாயை எடுத்து என் கையில் வைத்தார் ஒரு டீலர். “சார், இது ப்ரூஃப். இந்த மாதிரி லேசில் கிடைக்காது” என்றார். ப்ரூஃப் என்றால், சேகரிப்பாளர்களுக்காக மின்ட்டில், அதாவது நாணயச்சாலையில், தனிக் கவனத்தோடு அடித்த காசு. பார்த்த உடனே யாரும் மயங்கத்தான் செய்வார்கள். ராணிக்குப் பின்னால் இருக்கும் வெற்றுத் தளத்தில் என் மூக்கு தெரிந்தது.

லென்ஸை வைத்ததும் கதை மாறியது. எழுத்துகளின் விளிம்பெல்லாம் வாயில் போட்டுச் சப்பிய கற்கண்டு மாதிரி மழுங்கி இருந்தது. ராணியின் உடையில் இருக்கும் பூவேலை பாதி காணோம். ஆனால் எழுத்துகளுக்கு நடுவே இருக்கும் குறுகிய இடுக்குகளில் கறுப்பு அழுக்கு அப்படியே உட்கார்ந்திருந்தது. அதாவது மெருகுச் சக்கரம் போன இடமெல்லாம் பளபளப்பு, போகாத இடத்தில் நூற்றைம்பது வருட அழுக்கு. யாரோ நகைப் பட்டறையில் கொடுத்து மெருகு போட்டிருக்கிறார்கள்.

“எடை போட்டுப் பார்க்கலாமா?” என்று கேட்டேன். அந்த ரூபாய் புதிதாக இருக்கும்போது 11.66 கிராம் இருக்க வேண்டும். இது 11.4-ஐக்கூடத் தொடவில்லை. கையில் புழங்கித் தேய்ந்தது பாதி, மெருகு தின்றது பாதி. டீலர் ஒன்றும் பேசாமல் காசை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற பையன், “அப்போ ப்ரூஃப்னா எப்படி சார் இருக்கும்?” என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

ப்ரூஃப் என்பது ஒரு காசு எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதைச் சொல்லும் வார்த்தை இல்லை. அது எப்படி அடிக்கப்பட்டது என்பதைச் சொல்வது. வெறும் வில்லையையும் அச்சையும் முதலிலேயே பாலிஷ் செய்து, சாதாரணக் காசுக்குக் கொடுப்பதைவிட அதிக அழுத்தத்தில், ஒரு தடவைக்கு மேல் அடிப்பார்கள். அதனால் உலோகம் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் போய் நிறையும். எழுத்து தளத்திலிருந்து சுவர் எழும்பினாற்போல் நிற்கும். காசின் விளிம்பு மழுங்காமல் சதுரமாக இருக்கும், விரலில் பட்டால் கொஞ்சம் உறுத்தும். இது எதையும் மெருகுச் சக்கரத்தால் கொண்டுவர முடியாது. சக்கரத்துக்கு உலோகத்தை எடுக்கத்தான் தெரியும்.

முகம் மட்டும் பனி படர்ந்த மாதிரி வெள்ளையாகவும் தளம் கண்ணாடியாகவும் இருந்தால்தான் ப்ரூஃப் என்று சிலர் சொல்வார்கள். இன்றைய காசுகளுக்கு அது சரி. பழைய ப்ரூஃப்களில் அந்த வேறுபாடு பல சமயம் இருக்காது. அதை மட்டும் வைத்துக்கொண்டு நல்ல காசைத் தள்ளிவிடாதீர்கள்.

மற்றவர்களும் உங்கள் கையில் வந்ததைச் சொல்லுங்கள்.


நெல்லைப் பெரியவர்:

தம்பி, நீங்கள் பார்த்தது மெருகு போட்ட காசு, அதோடு விஷயம் முடிந்துவிட்டது. நிஜமான ப்ரூஃபாகவே இருந்திருந்தால் அடுத்த கேள்வி ஒன்று இருக்கிறது. அது எப்போது அடித்தது?

பாளையங்கோட்டையில் ஒரு வீட்டில், காலமான பெரியவர் விட்டுப்போன பெட்டியைப் பார்த்துச் சொல்லும்படி கூப்பிட்டார்கள். உள்ளே நான்காம் வில்லியம் 1835 ஒரு ரூபாய் ஒன்று. ராஜாவின் உருவம் கழுத்தோடு முடியும் வெட்டில் ஆர்.எஸ். என்ற எழுத்துகள் தெளிவாக இருந்தன. அப்போதைய கல்கத்தா மின்ட் மாஸ்டர் ராபர்ட் சாண்டர்ஸின் முதலெழுத்து அது. கண்ணாடித் தளம், கூரான விளிம்பு, துல்லியமான எடை. தேய்மானம் என்ற பேச்சே இல்லை. மகன்கள் இருவரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தேன். ராஜாவின் தாடைக்குக் கீழே, தளத்தில், வேர்க்குரு மாதிரி சின்னச் சின்னப் புடைப்புகள். பள்ளமாக இருந்தால் காசு அரித்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். புடைப்பாக இருந்தால் துரு அச்சில் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். எஃகு அச்சு பல வருடம் கிடந்து துருப்பிடித்துப் பள்ளம் விழும். அந்தப் பள்ளம் காசில் மேடாக வரும். அச்சு புதிதாக இருந்த 1835-ல் இது வர வாய்ப்பில்லை. ஆக, இது ரீஸ்ட்ரைக்.

புதியவர்களுக்காகச் சொல்கிறேன். பம்பாய், கல்கத்தா மின்ட்டுகள் பழைய அச்சுகளைப் பாதுகாத்து வைத்திருந்து, கேட்ட சேகரிப்பாளர்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு ப்ரூஃபாக அடித்துக் கொடுத்தன. 1970 வாக்கில்தான் அது நின்றது. அதனால் 1835 என்று பொறித்த காசு உங்கள் அப்பா பிறந்த பிறகு அடித்ததாகவும் இருக்கலாம். சில ரீஸ்ட்ரைக்குகளில் முன்பக்க அச்சும் பின்பக்க அச்சும் ஒன்றுக்கொன்று சேராதவையாக இருக்கும். அப்படி ஒன்று கிடைத்தால் சந்தேகமே வேண்டாம்.

மூத்த மகனுக்கு முகம் சுண்டிவிட்டது. “அப்போ டூப்ளிகேட்டா?” என்றார். இந்த வார்த்தைதான் எனக்குப் பிடிக்காது. அரசு மின்ட்டே, அதே அச்சில், வெள்ளியில் அடித்ததை எப்படி டூப்ளிகேட் என்பது? அசல் 1835 ப்ரூஃபின் விலை வராது, அவ்வளவுதான். காசின் நிலையைப் பார்த்து எண் கொடுத்துத் தரம் போடும் கம்பெனிகளும் இதைத் தள்ளுவதில்லை. எண்ணைக் கொடுத்து, பக்கத்தில் ரீஸ்ட்ரைக் என்று எழுதிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், வசதி குறைந்த சேகரிப்பாளருக்கு வில்லியமை இவ்வளவு அழகாகப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. ரீஸ்ட்ரைக் என்று சொல்லி விற்க வேண்டும், அது ஒன்றுதான் என் கட்சி.


கோவை கலெக்டர்:

அண்ணாச்சி எழுதியது அருமை. நான் பழைய காசுப் பக்கம் போவதில்லை. என் ஆர்வமெல்லாம் சுதந்திரத்துக்குப் பிறகு வந்த நினைவு நாணயங்களில்தான். அதனால் தரம் போட அனுப்பிய அனுபவத்தைச் சொல்கிறேன்.

முதலில், நம்ம ஊர் நவீன ப்ரூஃபை அடையாளம் காண எளிதான வழி மின்ட் குறி. பம்பாயில் 1969 முதல் அடித்த ப்ரூஃப்களில் பி என்ற ஆங்கில எழுத்து இருக்கும். ஊர்ப் பெயர் மும்பை ஆன பிறகு எம். சாதாரணப் புழக்கக் காசில் அதே மின்ட்டுக்கு வைரக்குறி. ஆனால் கல்கத்தா மின்ட் குறியே போடுவதில்லை, அங்கே இந்த வித்தை பலிக்காது. தளத்தைத்தான் பார்க்க வேண்டும்.

காமராஜர் நூற்றாண்டு 100 ரூபாய், ப்ரூஃப் பெட்டியோடு ஒன்று விலைக்கு வந்தது. 44 மில்லிமீட்டர், 35 கிராம், பெரிய காசு. பெட்டி அசல். உள்ளே இருந்த காசுதான் யுஎன்சி, அதாவது புழக்கத்துக்குப் போகாத, ஆனால் சாதாரணமாக அடித்த காசு. பளபளப்பு இருந்தது, ஆனால் அது தளம் முழுக்கச் சுழலும் மினுமினுப்பு, கண்ணாடி இல்லை. காமராஜர் முகத்திலும் அதே மினுமினுப்பு. யாரோ நல்ல காசை எடுத்துக்கொண்டு பெட்டியை மட்டும் விற்பனைக்கு விட்டிருக்கிறார்கள். பெட்டியைப் பார்த்துப் பணம் கொடுப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

இப்போது தரம். அமெரிக்காவில் என்ஜிசி, பிசிஜிஎஸ் என்ற இரண்டு கம்பெனிகள்தான் இதில் பெரியவை. 1949-ல் வில்லியம் ஷெல்டன் அமெரிக்கச் செம்புக் காசுகளுக்காகப் போட்ட 70 வரையிலான அளவுகோலைத்தான் இன்றைக்கும் புழங்குகிறார்கள். ப்ரூஃப் காசு என்றால் எண்ணுக்கு முன்னால் என்ஜிசி பிஎஃப் என்று போடும், பிசிஜிஎஸ் பிஆர் என்று போடும். பொதுவாக எண் 60-க்கு மேல்தான் இருக்கும். ஆனால் ப்ரூஃபாக அடித்த காசு யார் பையிலோ சில்லறையோடு கிடந்து தேய்ந்திருந்தாலும் அது ப்ரூஃப்தான். எண் மட்டும் 55, 50 என்று இறங்கும்.

நான் தரம் போட அனுப்பிய காசுகளில் தஞ்சைப் பெரிய கோயில் ஆயிரமாண்டு நினைவாக 2010 என்று பொறித்து வந்த ஆயிரம் ரூபாயும் ஒன்று. இந்தியாவின் முதல் ஆயிரம் ரூபாய் நாணயம் என்பதால் அதன்மேல் எனக்குத் தனிப் பிரியம். வீட்டு டியூப்லைட்டில் ஒரு குறையும் தெரியவில்லை. நண்பர் ஒருவர் அறையை இருட்டாக்கி, ஒற்றைக் குண்டு பல்பின் கீழே காசைப் பிடித்து மெதுவாகச் சுழற்றச் சொன்னார். ஒரு கோணத்தில் தளம் முழுக்க முடி மாதிரிக் கோடுகள் எழுந்து மறைந்தன. ஹேர்லைன் என்பது இதுதான். யாரோ எப்போதோ மென்மையான துணியால் ஒரே ஒரு தடவை துடைத்தாலும் கண்ணாடித் தளத்தில் அது பதிந்துவிடும். டியூப்லைட் வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் விழுவதால் அதை மறைத்துவிடும். ப்ரூஃப் வாங்கப் போகிறவர் லென்ஸை மறந்தாலும் ஒற்றை விளக்கை மறக்கக்கூடாது.

இதில் ஒரு குழப்பம் வரும். எல்லாக் கோடும் ஹேர்லைன் இல்லை. அச்சைப் பாலிஷ் செய்யும்போது அச்சில் விழுந்த கீறல் காசில் மேடான கோடாக வரும். அது மின்ட்டிலேயே வந்தது, எண்ணைப் பெரிதாகக் குறைக்காது. வித்தியாசம் பார்ப்பது இப்படி: அச்சுக் கோடு தளத்தில் ஓடி, முகத்தின் அல்லது எழுத்தின் ஓரம் வந்ததும் நின்றுவிடும், மறுபக்கம் மறுபடி தொடரும். துடைத்த கோடு பள்ளமாக இருக்கும், எதிரே எழுத்து வந்தால் அதன் மேலேயும் ஏறிப் போகும்.

அனுப்பியவற்றில் கோடில்லாத ஒன்றுக்கு 67, கூடவே அல்ட்ரா கேமியோ என்ற பட்டம். முகத்தின் வெண்பனியும் தளத்தின் கண்ணாடியும் இரண்டு பக்கமும் நன்றாகப் பிரிந்து தெரிந்தால் என்ஜிசி கொடுப்பது அது. பிசிஜிஎஸ் அதையே டீப் கேமியோ என்கிறது. பெரிய கோயில் காசுக்கு 62 வந்தது. கேமியோ இருந்தும் எண் ஏறவில்லை. இரண்டும் வேறு வேறு கணக்கு.

ஐந்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்தாலும் மின்ட்டை விட்டு வந்த பிறகு ஏற்பட்ட குறை ஒன்றுகூடத் தெரியாவிட்டால்தான் 70. அதற்காக அலைபவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். நம் நினைவு நாணயங்கள் பெரியவை, கனமானவை, பெட்டிக்குள்ளேயே ஆடிக் கோடு விழுந்து வருபவை. 66, 67 வந்தால் கும்பிட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.


தஞ்சாவூர் அக்கா:

எங்கள் வீட்டில் மகாத்மா காந்தி பத்து ரூபாய் வெள்ளி நாணயம் ஒன்று இருக்கிறது, 1869–1948 என்று போட்டது. மாமியார் அதை லட்சுமி படத்துக்கு முன்னால் வைத்து, வெள்ளிக்கிழமை தோறும் குத்துவிளக்கு, குங்குமச் சிமிழ் எல்லாவற்றோடும் சேர்த்து விபூதி போட்டுத் தேய்த்துவிடுவார். சும்மா ஜொலிக்கும். கோவைத் தம்பி எழுதியதைப் படித்துவிட்டு எடுத்துப் பார்த்தேன், பி எழுத்து இருக்கிறது! இப்போது என்ன செய்வது?


கோவை கலெக்டர்:

அக்கா, பி இருந்தால் ப்ரூஃப்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் விபூதி எவ்வளவு நைஸாக இருந்தாலும் பொடி பொடிதான். இத்தனை வருடம் தேய்த்த காசுக்கு எண் கிடைக்காது, சுத்தம் செய்யப்பட்டது என்று எழுதித் திருப்பி அனுப்புவார்கள். தரம் போடச் செலவு செய்யாதீர்கள். 15 கிராமில் 80 சதவீதம் வெள்ளி, அதாவது 12 கிராம். யாராவது வந்து பழைய காசு என்று அற்ப விலைக்குக் கேட்டால் அந்தக் கணக்கைச் சொல்லுங்கள். மாமியாரிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம், பூஜையிலேயே இருக்கட்டும்.


பர்மிங்ஹாம் தமிழன்:

எல்லோரும் பளபளப்பைப் பற்றியே பேசுகிறீர்கள். பளபளப்பே இல்லாத ப்ரூஃப் ஒன்றைச் சொல்கிறேன், அதுவும் நம்ம மதராஸ் காசு.

நான் இருக்கும் ஊரில்தான் மேத்யூ போல்ட்டனின் சோஹோ மின்ட் இருந்தது. நீராவி இயந்திரத்தால் காசு அடித்த இடம். கிழக்கிந்தியக் கம்பெனி மதராஸ் மாகாணத்துக்கான செம்புக் காசுகளை இங்கே அடித்துக் கப்பலில் அனுப்பியது. அப்படி 1808 என்று பொறித்த 10 காசு, 20 காசு நாணயங்களை ஏற்றிக்கொண்டு மதராஸ் புறப்பட்ட அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல், 1809 ஜனவரியில் கென்ட் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980-களில் அந்தக் காசுகளை ஏராளமாக அள்ளி எடுத்தார்கள். இன்றைக்கும் இங்கே நாணயச் சந்தைகளில் தட்டுத் தட்டாகக் கிடக்கும்.

ஒரு சந்தையில் அந்தக் கப்பல் காசு ஒன்றைச் செக்கச்செவேலென்று பளபளக்க வைத்து ப்ரூஃப் என்று சீட்டு எழுதி வைத்திருந்தார்கள். புழங்காத காசு என்பதால் எழுத்தெல்லாம் கூர்மைதான். ஆனால் தளத்தில் கடல் உப்பு தின்ற நுண்ணிய பொத்தல்கள். ப்ரூஃப் காசைப் பீப்பாய் பீப்பாயாகக் கப்பலில் ஏற்றி அனுப்ப மாட்டார்கள் என்பது சொல்லாமலே தெரிய வேண்டியது.

இரண்டு மேஜை தள்ளி 1803 ஆண்டுக் காசு ஒன்று இருந்தது. நல்ல சாக்லேட் பழுப்பு, துளி மினுக்கம் இல்லை, எல்லோரும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். அதுதான் அசல் ப்ரூஃப். சோஹோவில் ப்ரூஃப்களுக்குச் செம்பின் மேல் பழுப்பு நிறம் ஏற்றுவது வழக்கம், சிலவற்றுக்குத் தங்க முலாமும் உண்டு. நிறம் இரண்டு பக்கமும் ஓரத்திலும் திட்டில்லாமல் ஒரே சீராக இருந்தது, பாரசீக எழுத்தின் ஒவ்வொரு புள்ளியும் எண்ணிக்கொள்ளலாம் போல நின்றது. புழங்கிப் பழுப்பான செம்பில் மேடுகள் ஒரு நிறமாகவும் பள்ளங்கள் வேறு நிறமாகவும் இருக்கும். விலை கேட்டேன். நம்ம பட்ஜெட் இல்லை.


மதுரைக்காரன்:

அட, என்னிடம் ஒரு பழுப்பு 20 காசு இருக்கிறதே! மொபைலில் படம் எடுத்துப் போடட்டுமா?


பர்மிங்ஹாம் தமிழன்:

போடுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம். முன்பக்கம், பின்பக்கம், அப்புறம் முக்கியமாக ஓரம். நிற்க வைத்து ஓரத்தைச் சுற்றி மூன்று நான்கு படம். எடையையும் எழுதுங்கள். பிளாஸ்டிக் ஆல்பத்தில் இருந்து எடுக்கிறீர்கள் என்றால் மேலே பச்சையாகப் பிசுபிசுப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மலிவான பிவிசி உறை அப்படித்தான் கசியும். இருந்தால் துடைக்காதீர்கள், தூய அசிட்டோனில் ஊறவைத்து எடுத்தால் போதும். நகச்சாயம் அகற்றும் திரவம் வேண்டாம், அதில் மணமும் எண்ணெயும் கலந்திருக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்புப் பக்கம் போகாதீர்கள்.