நப்பின்னை: பாட்டில் எதிர்ப்படும் பெயர், படிவத்தில் படும் பாடு

பெண் குழந்தைக்கு நப்பின்னை என்று பெயர் வைக்கலாமா, அதன் பொருள் என்ன, எப்படிப் பதிவது என்று கேட்டவர்களுக்கு நால்வர் சொன்ன பதில்கள்.

பிரபந்தம் ஓதுகிறவர்

இந்தப் பெயர் பெரும்பாலோருக்கு அறிமுகமாவது மார்கழியில்தான். ஆண்டாளின் திருப்பாவையில் 18, 19, 20 ஆகிய மூன்று பாசுரங்களிலும் கண்ணனின் துணைவி நப்பின்னை வருகிறாள். 18-இல் ‘நந்தகோபாலன் மருமகளே, நப்பின்னாய்’ என்று ஆயர் பெண்கள் வாசலில் நின்று கூப்பிடுகிறார்கள். அதை மட்டும் கேட்டுவிட்டுப் பெயரே ‘நப்பின்னாய்’ என்று நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. ஐகாரத்தில் முடியும் பெயரை விளிக்கும்போது ‘ஆய்’ என்று திரியும், அன்னை ‘அன்னாய்’ ஆவதைப் போல. பதிவேட்டில் எழுத வேண்டியது நப்பின்னை. ஆசையாகக் கூப்பிட நப்பின்னாய் என்றால் அதுவும் இலக்கணப்படி சரியே.

பெரியாழ்வாரிடம் இவள் வருகிற இடம் எனக்கு இன்னும் பிடிக்கும். தொழுவத்தில் புழுதி அளைந்துவிட்டு வந்து குளிக்க மாட்டேன் என்கிற கண்ணனை யசோதை எப்படிப் பணிய வைக்கிறாள்? ‘நப்பின்னை காணில் சிரிக்கும்’ என்கிறாள். பெரியாழ்வார் திருமொழியின் இரண்டாம் பத்தில், ‘வெண்ணெய் அளைந்த குணுங்கும்’ என்று தொடங்கும் திருமொழியில் ஒன்பதாம் பாசுரம். தெய்வத்தின் பெயராக இல்லாமல், பக்கத்து வீட்டு முறைப்பெண்ணின் பெயராகவே அங்கே ஒலிக்கிறது. வைணவ உரைமரபில் இவள் யசோதையின் உடன்பிறந்தான் கும்பனின் மகள். ஏழு காளைகளை அடக்கிக் கண்ணன் மணந்தது இவளைத்தான்.

ஒரு திருத்தம். ‘நப்பின்னை என்றால் தமிழில் ராதை’ என்று பெயர்ப் பட்டியல்களில் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். தவறு. ராதையின் கதையில் ஏறு தழுவலும் இல்லை, திருமணமும் இப்படி இல்லை. பாகவதத்தில் ஏழு காளைகளை அடக்கி மணக்கப்படுகிறவள் கோசல மன்னன் நக்னஜித்தின் மகள் சத்தியா. வடமொழி வழக்கில் நப்பின்னைக்கு உரிய பெயர் நீளா. குழந்தைக்குப் பெயரின் கதையைச் சொல்லிக்கொடுக்கும்போது ராதையைக் கலக்காமல் சொல்லுங்கள். இவளுக்கென்று தனிக்கதை இருக்கிறது.

தமிழாசிரியர்

பொருளைப் பற்றிக் கேட்டவர்களுக்கு. முதலில் பெயரை இரண்டாகப் பிரியுங்கள்: ந + பின்னை. முன்னால் நிற்கும் ‘ந’ நன்மை, சிறப்பு என்ற பொருளில் பெயரோடு ஒட்டுவது. வரும் சொல்லின் முதல் மெய் இரட்டிக்கும். கீரர் நக்கீரர் ஆனதும், பூதனார் நப்பூதனார் ஆனதும் இப்படித்தான். சங்கப் பெண்பாற் புலவர்களிலேயே மூவர் பெயரில் இது இருக்கிறது: காக்கைபாடினியார் நச்செள்ளையார், மாறோக்கத்து நப்பசலையார், பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார். (நச்சினார்க்கினியரை இந்த வரிசையில் சேர்க்காதீர்கள். அது நச்சுதல், அதாவது விரும்புதல் என்ற வினையிலிருந்து வந்தது.)

சிக்கல் ‘பின்னை’யில்தான். பின் பிறந்தவள், இளையவள் என்று கொள்வது ஒரு கருத்து. முன் பிறந்தவனைத் ‘தம்முன்’ என்று சொல்கிற மொழியில் பின் பிறந்தவள் பின்னை ஆவது இயல்பு. மூதேவிக்கு இளையவள் என்பதால் திருமகளைப் பின்னை என்பதும் இதே வழிதான். ‘அழகிய பின்னலை உடையவள்’ என்பது இன்னொரு விளக்கம். ஆண்டாளின் ‘கொத்தலர் பூங்குழல் நப்பின்னை’ என்ற தொடர் இதற்குத் துணை போவதுபோலத் தெரியும். ஆனால் குழலைப் புகழ்ந்தார் என்பதால் பெயரே குழலிலிருந்து வந்தது என்று ஆகாது. நான் முதல் கருத்தின் பக்கம்.

பின்னை என்றால் பிறகு என்றும் பொருள் உண்டே, பெயராக வைத்தால் குழப்பம் வராதா என்று கேட்டிருந்தீர்கள். நம்மாழ்வார் இரண்டையும் ஒரே பாசுரத்தில், அடுத்தடுத்து வைத்திருக்கிறார். ‘என்பன் பின்னையும்’ என்று ஓர் அடி முடிகிறது, ‘தளவேழ் முறுவல் பின்னைக்காய்’ என்று அடுத்த அடி தொடங்குகிறது. முன்னது பிறகும் என்பது, பின்னது முல்லை அரும்பு போன்ற புன்னகை கொண்ட பின்னைக்காக என்பது. திருவாய்மொழி 1.5.1. ‘ந’ சேர்ந்துவிட்டால் அந்த ஐயத்துக்கும் இடமில்லை.

ஆழ்வார்களிடம் மட்டும்தான் இந்தப் பெயர் இருக்கிறது என்று எண்ண வேண்டாம். சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் இடையர் குல மூதாட்டி மாதரி ஏழு பெண்களை ஏழு சுரங்களின் பெயரால் வரிசையாக நிறுத்துகிறாள். குரல் என்பவளை மாயவன் என்கிறாள், இளியைப் பலராமன் என்கிறாள், துத்தத்தைப் பின்னை என்கிறாள். பிறகு குரவை ஆட்டம். பௌத்தக் காப்பியமான மணிமேகலையில் இவளே ‘பிஞ்ஞை’ என்ற வடிவில் வருகிறாள். சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியில், கோவிந்தையார் இலம்பகத்தில், முருகன் வள்ளியை மணந்ததற்கு இணையான எடுத்துக்காட்டாகத் திருமாலும் நப்பின்னையும். மூன்று சமயத்தாரும் எடுத்தாண்ட முல்லை நிலத்துப் பெண் பெயர் இது. ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியது என்று ஒதுக்குவது நியாயமில்லை.

அப்படியிருந்தும் ஏன் அரிதாக இருக்கிறது? ஆண்டாள், கோதை என்று வைக்கிறார்கள், ஆண்டாள் பாடிய நப்பின்னையை வைப்பதில்லை. கோயில் வழக்கில் அவள் நீளாதேவி ஆகிவிட்டது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நடுவில் இரண்டு இரட்டை மெய் வருவதால் ‘கனமான’ பெயர் என்று தயங்குவது இன்னொன்று. ஒரு மூச்சில் இரண்டு முறை சொல்லிப் பாருங்கள், கனம் போய்விடும்.

பதிவு வேலை தெரிந்தவர்

பொருள் எல்லாம் மேலே வந்துவிட்டது. படிவத்தில் என்ன ஆகிறது என்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பெயர் அங்கேதான் உடைகிறது.

தமிழில் ஐந்தே எழுத்து: ந, ப், பி, ன், னை. வழக்கமாக வரும் பிழைகள் மூன்று. ‘நப்பிண்ணை’ என்று மூன்று சுழி போடுவது. ‘நப்பினை’ என்று ஒரு ன்-ஐ விழுங்குவது. ஒலிபெயர்ப்பு முறையில் தட்டும்போது சொல் முதலில் ‘ன’ விழுந்து ‘னப்பின்னை’ ஆவது. தமிழில் எந்தச் சொல்லும் ‘ன’வில் தொடங்காது என்பது தட்டச்சு செய்கிறவருக்கு எப்போதும் நினைவிருக்காது. அதனால் பெயரை வாயால் சொல்லாதீர்கள். தாளில் பெரிதாக, இரண்டு மொழியிலும் எழுதிக் கொடுங்கள்.

ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்து: என், ஏ, பி, பி, ஐ, என், என், ஏ, ஐ. ஒரு பி போனால் ‘நபின்னை’ என்றும், ஒரு என் போனால் ‘நப்பினை’ என்றும் வாசிப்பார்கள். இந்த எழுத்துகள் எப்படிப் போகின்றன என்பதற்கு ஒரு காரணம் பலருக்குத் தெரியாது: பெயரெண், அதாவது ஆங்கில எழுத்துக்கு ஓர் எண் கொடுத்துப் பெயரைக் கூட்டிப் பார்ப்பது. சால்டியன் என்ற எண்கணித முறையில் என் 5, ஏ 1, பி 8, ஐ 1. முழுப் பெயரையும் கூட்டினால் 35, அதாவது 3+5=8. எட்டு ஆகாது என்று சொல்கிற ஜோதிடர் உடனே ஒரு பி-யை எடுக்கச் சொல்வார் (27, அதாவது 9), அல்லது ஒரு என்-ஐ எடுக்கச் சொல்வார் (30, அதாவது 3). இப்படித்தான் ஒரே பெயர் மூன்று விதமாக எழுதப்படுகிறது. நம்பிக்கை உள்ளவர்களுக்கு நான் சொல்வது, எழுத்தைக் குறைக்காதீர்கள், முன்னெழுத்தைச் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள், எண் மாறிவிடும். பெயர் உடையாமல் தப்பிக்கும்.

நட்சத்திர எழுத்து பார்க்கிறவர்களுக்கு: ‘ந’ அனுஷம் முதல் பாதம்.

காலக்கெடு. பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், பெயர் முடிவாகவில்லை என்றாலும். பெயர் இல்லாமலே பதியலாம். பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெயர் சேர்த்தால் கட்டணமில்லை, அதன் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம். ஆகவே அவசரப்பட்டுப் பாதி மனதோடு ஒரு பெயரைக் கொடுக்க வேண்டாம். ஒருமுறை ஏறிய பெயரை எழுத்துப்பிழை என்று திருத்தலாமே தவிர, வேறு பெயராக அங்கே மாற்ற முடியாது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, கடவுச்சீட்டு முதலியவற்றில் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் சான்று. சான்றிதழ் கைக்கு வந்த அன்றே எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள்.

ஆதார் பதியும்போது ஆங்கிலத்தில் தட்டியதிலிருந்து தமிழ் வடிவம் தானாக வரும், ‘நாப்பின்னை’ என்றுகூட வரும். திரையைப் பார்த்துத் திருத்தச் சொல்லிவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

பழைய பதிப்புகள் சேகரிப்பவர்

பெயர் வைத்தவர்கள் பழைய திருப்பாவைப் புத்தகத்தைக் குழந்தைக்குக் காட்டும்போது கடைசி எழுத்து வேறாக இருக்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ணை, லை, ளை, னை நான்கும் ‘ை’ குறி இல்லாமல், துதிக்கை போல மேலே வளைந்த கோட்டோடு அச்சாயின. அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம்.

பேச்சில் கடைசி ஐகாரம் குறுகி ‘நப்பின்ன’ என்றுதான் ஒலிக்கும். அதைக் கேட்டு எழுதுகிறவர் ‘னை’யை ‘ன’ ஆக்கிவிடுவார், பள்ளி வருகைப் பதிவேட்டில் குறிப்பாக. சேர்க்கும்போதே சான்றிதழ் நகலை வைத்து எழுதச் சொல்லுங்கள். வீட்டில் கூப்பிடப் ‘பின்னை’ போதும். ஆழ்வார்களே அப்படித்தான் சுருக்கினார்கள்.

இதே வரிசையில் இன்னொரு பெயரும் கவனத்துக்கு வர வேண்டும்: அத்துழாய். ‘உந்து மதகளிற்றன்’ என்று தொடங்கும் திருப்பாவை 18-ஆம் பாசுரத்தைச் சொல்லிக்கொண்டு வந்த ராமாநுஜருக்கு, வளையல் ஒலிக்கக் கதவைத் திறந்து வந்தவள் அவருடைய ஆசிரியர் பெரியநம்பியின் மகள் அத்துழாய். அவளை நப்பின்னையாகவே கண்டு அவர் மயங்கி விழுந்தார் என்பது வைணவ மரபு சொல்லும் செய்தி. துழாய் என்றால் துளசி. இரட்டைப் பெண் குழந்தைகளுக்குப் பெயர் தேடுகிறவர்கள் இந்த இரண்டையும் சேர்த்து எண்ணிப் பார்க்கலாம். ஆனால் ‘ழா’வை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பதை இரு வீட்டாரும் முன்பே பேசி ஒரே வடிவமாக முடிவு செய்துகொள்ளுங்கள்.