கிட்இக்னோர்ல ஒரு வரி போட்டா போதும்னு யார் சொன்னது?

வெண்ணாறு:
ஆண்ட்ராய்டு ப்ராஜெக்ட்ல லோக்கல் ப்ராப்பர்ட்டீஸ் ஃபைல் தெரியாம கிட்ல (கோடு மாற்றங்களைப் பதிஞ்சு வைக்கற கருவி) கமிட் ஆயிட்டா, அதாவது பதிவாயிட்டா, கிட்இக்னோர்ல (கிட் கண்டுக்க வேணாங்கற ஃபைல்களோட பட்டியல்) ஒரு வரி சேருங்க, முடிஞ்சுதுன்னு நேத்து இங்க ஒருத்தர் எழுதியிருக்கார். படிச்சதுலேர்ந்து எரிச்சலா வருது. கிட்இக்னோர் இன்னும் ட்ராக் ஆகாத, அதாவது கிட் கண்காணிப்புல சேராத ஃபைலுக்குத்தான்யா. மதகை அடைச்சா ஏற்கனவே வயல்ல ஏறுன தண்ணி வடிஞ்சிடுமா? அந்த ஃபைல்ல இருக்கறது அவரவர் மெஷின்ல எஸ்டிகே (ஆப் உருவாக்கத் தேவையான கருவித் தொகுப்பு) எங்க இருக்குங்கற பாதை, தஞ்சாவூர்ல விண்டோஸ் வச்சிருக்கறவன் பாதை மன்னார்குடில உபுண்டு வச்சிருக்கறவனுக்கு எதுக்கு? கிட் ஆர்எம் கூட கேஷ்டு சேர்த்து (ஃபைலை கிட் கண்காணிப்புலேர்ந்து எடுக்கற கட்டளை) ஓட்டுங்க, கமிட் பண்ணுங்க, டீமோட பொது ரெப்போவுக்கு (கோடு கிடங்கு) புஷ் பண்ணுங்க. ஃபைல் டிஸ்க்குல அழியாது.

மகாமகம் கோடர்:
அந்த ஒருத்தர் நான்தான், பேரு சொல்லியே திட்டலாம். அழியாதுங்கறீங்களே, எங்க டீம்ல ஒருத்தர் இதே கேஷ்டு போட்டு புஷ் பண்ணாரு, நாங்க புல் பண்ணதும் (புது கமிட்டை எங்க மெஷினுக்கு இழுத்ததும்) எல்லாருக்கும் ஃபைல் காணோம், டெர்மினல்ல கிரேடில் (ஆப்பை பில்டு பண்ற கருவி) ஓட்டுனா எஸ்டிகே லொகேஷன் கிடைக்கலன்னு நிக்குது. இதுதான் அழியாததா?

வெண்ணாறு:
அழியாது. கேஷ்டுன்னா இண்டெக்ஸ்லேர்ந்து (கிட் கண்காணிக்கற ஃபைல்களோட பட்டியல்) மட்டும்தான் எடுக்கும். டாக்குமென்டேஷன் படிங்க.

மகாமகம் கோடர்:
ஓட்டுனவர் மெஷின்ல அழியாது. புல் பண்றவன் மெஷின்ல அழியும். அவனுக்கு வர்றது டெலிட் கமிட்டுதானே. ஒரு தடவை நிதானமா படிங்க அண்ணே.

மன்னை தம்பி:
எனக்கு அழியலையே, நானும் புல் பண்ணேன்.

அரசலாறு:
தம்பி, நீங்க அந்த ஃபைல்ல பாதையை மாத்தி கமிட் பண்ணாம வச்சிருந்திருப்பீங்க. அப்படின்னா உங்க மாற்றம் அழிஞ்சிடும்னு சொல்லி கிட் புல்லையே நிறுத்திடும். புல் ஆகவே இல்ல, அப்புறம் எப்படி அழியும்? கடைசி கமிட் வந்திருக்கான்னு லாக்ல பாருங்க. காப்பி எடுத்து வச்சுட்டு, அந்த ஃபைல்ல உங்க மாற்றத்தை ரத்து பண்ணிட்டு புல் பண்ணுங்க, அப்புறம் காப்பியை திரும்ப போடுங்க. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோல திறந்தா அதுவே புதுசா எழுதிக்கும்.

வெண்ணாறு:
பாத்தீங்களா, தம்பிக்கு அழியல.

மகாமகம் கோடர்:
அரசலாறு எழுதுனதை படிச்சீங்களா இல்லையா? போன வருஷம் மெர்ஜ் (ரெண்டு பேர் வேலையை ஒண்ணா சேர்க்கறது) விவகாரத்துலயும் இப்படித்தான், நாலு பேர் சொல்லியும் ஃபோர்ஸ் புஷ் பண்ணி, ரெப்போல இருந்ததை மேலெழுதி என் வேலையை காலி பண்ணீங்க.

வெண்ணாறு:
அதை இன்னும் விடலையா? அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? கும்பகோணத்துல காபி நல்லா போடுவாங்க, கிட் பத்தி பாடம் நடத்த வேணாம். எஸ்விஎன் (கிட்டுக்கு முந்தின இதே மாதிரி கருவி) காலத்துலேர்ந்து நான் இந்த வேலை பாக்கறேன், கிட் 2005லதான் வந்துச்சு. கேஷ்டு போட்டா அழியாது.

மன்னை தம்பி:
அப்ப ஸ்கிப் வொர்க்ட்ரீ (ஃபைல்ல நம்ம மாற்றத்தை கண்டுக்காதேன்னு கிட்டுக்கு வைக்கற அடையாளம்) போட்டா யாருக்கும் பிரச்சனை இல்லையே?

அரசலாறு:
அது அதுக்கில்ல தம்பி. ட்ராக் ஆன ஃபைல்ல வர்ற மாற்றத்தை கண்டுக்காம இருக்க வழி தர்றதில்லன்னு கிட் எஃப்ஏக்யூவே (கேள்வி பதில் பக்கம்) சொல்லுது, மாதிரி ஃபைல் ஒண்ணை மட்டும் ரெப்போல வச்சு அவங்கவங்க காப்பி பண்ணிக்கச் சொல்லுது. இன்னொண்ணு, சைனிங் பாஸ்வேர்டையும் (ஆப்புக்கு கையெழுத்து போடற சாவியோட பாஸ்வேர்டு) அந்த ஃபைல்ல வச்சிருந்தா கேஷ்டு பத்தவே பத்தாது, பழைய கமிட்ல அப்படியே கெடக்கும். முதல்ல பாஸ்வேர்டை மாத்துங்க, அப்புறம் ஃபில்டர் ரெப்போ (பழைய கமிட்களை மாத்தி எழுதுற கருவி) ஓட்டி ஹிஸ்டரியை சுத்தம் பண்ணுங்க, எல்லாரையும் புதுசா க்ளோன் பண்ண, அதாவது ரெப்போவை முழுசா திரும்ப இறக்கிக்கச் சொல்லுங்க.

மகாமகம் கோடர்:
ஹிஸ்டரியை மாத்தி எழுதுற வேலையை மட்டும் வெண்ணாறு கிட்ட குடுத்துடாதீங்க.

வெண்ணாறு:
குடுத்தா ஒழுங்கா முடிப்பேன். கிட்இக்னோர் ஒரு வரின்னு ஊரைக் கெடுத்தது யாரு, அதுக்கு பதில் சொல்லுங்க முதல்ல.

மகாமகம் கோடர்:
நான் புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு சொன்னேன்.

வெண்ணாறு:
தெரியாம கமிட் ஆயிட்டான்னுதான் எழுதியிருக்கீங்க, அதுல புதுசு எங்க வந்துச்சு? போஸ்ட்டை எடிட் பண்ணிடாதீங்க, ஸ்க்ரீன்ஷாட் வச்சிருக்கேன்.

மகாமகம் கோடர்:
வச்சுக்கோங்க. நாளைக்கு உங்க டீம்ல புல் பண்ணவன் பில்டு ஓடலன்னு வருவான், அவனுக்கும் ஸ்க்ரீன்ஷாட் காட்டுங்க.

வெண்ணாறு:
வரமாட்டான். அழியாது.